பூத் அந்த முடிச்சை ஏன் அவிழ்க்கவில்லை? சூசன்-லோரி பார்க்ஸின் நாடகங்களும் நாவலும்

கண்ணாடிக்கூடு எழுதியது:

நண்பர்களே, மூன்று வாரமாக ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். சூசன்-லோரி பார்க்ஸ் எழுதிய ‘டாப்டாக்/அண்டர்டாக்’. 2001-இல் நியூயார்க்கின் பப்ளிக் தியேட்டரில் மேடையேறி, 2002-இல் பிராட்வேக்குப் போய், அதே ஆண்டு புலிட்சர் பரிசு வாங்கிய நாடகம். நாடகத்துக்கான புலிட்சரைப் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான். மேடையில் இரண்டே பேர், ஒரே அறை. உட்கார்ந்தால் ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் படித்து முடித்தபிறகு ஆளை விடுவதில்லை.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் சொல்லித்தான் ஆக வேண்டும், மன்னிக்கவும்.

அண்ணன் பெயர் லிங்கன், தம்பி பெயர் பூத். அப்பா வேடிக்கைக்காக வைத்த பெயர்கள். அண்ணனுக்கு அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் பெயர், அவரைக் கொன்றவனின் பெயர் தம்பிக்கு. லிங்கன் ஒரு காலத்தில் தெருவில் மூணு சீட்டு போட்டுப் பணம் பார்த்தவன். கூட்டாளி சுட்டுக் கொல்லப்பட்டதும் இனி சீட்டைத் தொடுவதில்லை என்று ஒதுங்கிவிட்டான். இப்போது ஒரு ஆர்கேடில், அதாவது காசு கொடுத்து விளையாடும் கேளிக்கைக் கூடத்தில், வேலை. கறுப்பினத்தவனான அவன் முகத்தில் வெள்ளைச் சாயம் பூசி, ஒட்டுத்தாடியும் உயரத் தொப்பியும் வைத்து, ஆபிரகாம் லிங்கனாக நாற்காலியில் உட்கார வேண்டும். காசு கொடுத்தவர்கள் பின்னாலிருந்து வந்து பொய்த்துப்பாக்கியால் சுடுவார்கள். அவன் சரிந்து விழ வேண்டும், அடுத்த ஆளுக்காக மறுபடி எழுந்து உட்கார வேண்டும். பூத்துக்கு வேலை இல்லை. கடைகளில் திருடுவான். அண்ணன் மாதிரி சீட்டுப் போட வேண்டும் என்பது அவன் கனவு, ஆனால் கை படியவில்லை.

அம்மா வீட்டைவிட்டுப் போனபோது பூத்திடம் 500 டாலரை ஒரு நைலான் காலுறையில் முடிந்து கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு அப்பாவும் போனார். அவர் லிங்கனுக்கு 500 டாலர் கொடுத்தார், கைக்குட்டையில் கட்டி. லிங்கன் தன் பங்கைச் செலவழித்துவிட்டான். பூத் அந்த முடிச்சை இத்தனை வருடமாக அவிழ்க்கவே இல்லை. கடைசிக் காட்சியில் அண்ணனோடு சீட்டாடும்போது அதையே பந்தயமாக வைத்துத் தோற்கிறான். லிங்கன் கத்தியை எடுத்து முடிச்சை அறுக்கப் போகிறான். பூத் சுட்டுவிடுகிறான்.

என் கேள்வி இதுதான். வாடகைக்கே திண்டாடுகிற, குழாய்த்தண்ணீர்கூட இல்லாத அறையில் இருக்கிற ஒருவன், கையில் இருக்கிற 500 டாலரை ஏன் தொடவே இல்லை?


தெற்குவாசல் எழுதியது:

பயம்தான். வேறென்ன? உள்ளே பணம் இல்லாமல் இருந்தால் அம்மா ஏமாற்றிவிட்டாள் என்று ஆகிவிடும். லிங்கனும் அதைத்தானே குத்திக்காட்டுகிறான், உள்ளே பணம் இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று. அந்த நிமிடத்தில்தான் பூத் உடைகிறான்.


ஹட்சன்கரை எழுதியது:

நான் இதை மேடையில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். 2022 இலையுதிர் காலம், பிராட்வேயில் கோல்டன் தியேட்டர். கென்னி லியோன் இயக்கம், கோரி ஹாக்கின்ஸ் லிங்கனாக, யாஹ்யா அப்துல்-மத்தீன் பூத்தாக. அடுத்த வருடம் சிறந்த மறுமேடையேற்றத்துக்கான டோனி விருது இதற்குத்தான் கிடைத்தது. 2001-இல் ஜெஃப்ரி ரைட்டும் டான் சீடிலும் நடித்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

படிக்கும்போது பிடிபடாத ஒன்று மேடையில் பிடிபட்டது: எவ்வளவு சிரிக்கிறோம் என்பது. இரண்டாம் காட்சியில் பூத் உள்ளே வருகிறான், உடம்பில் ஏதோ உப்பலாக இருக்கிறது. மேலே இருப்பதைக் கழற்றினால் அடியில் திருடிய ஒரு புத்தம்புது கோட்டு சூட்டு. அதையும் கழற்றினால் அடியில் இன்னொன்று! ஒன்று தனக்கு, ஒன்று அண்ணனுக்கு. இரண்டு பேரும் போட்டுப் பார்க்கிறார்கள், டையை மாற்றிக்கொள்கிறார்கள், ஒருவரை ஒருவர் மெச்சிக்கொள்கிறார்கள். அரங்கமே சிரிக்கிறது. அந்த இரண்டு நிமிடம் அவர்கள் அவ்வளவு அழகாக இருக்கிறார்கள். எனக்கு என் தம்பி ஞாபகம் வந்து தொண்டை அடைத்தது.

அதனால்தான் கடைசியில் கத்தி முடிச்சுக்கு அருகே போகும்போது என் பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி வாய்விட்டே “வேண்டாம்” என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவனையா, கத்தி வைத்திருப்பவனையா? எனக்கு என்னவோ கத்தியைப் பார்த்துத்தான் சொன்னார் என்று தோன்றுகிறது.


நேர்கோடு எழுதியது:

எல்லாரும் உருகுவதால் ஒரு எதிர்க்குரல். மனதில் பட்டதைச் சொல்கிறேன், யாரும் தவறாக நினைக்க வேண்டாம்.

எனக்கு இந்த நாடகத்தில் இரண்டு குறைகள் உண்டு. முதலாவது, பெயர். லிங்கன், பூத் என்று பெயர் வைத்த நிமிடமே முடிவு தெரிந்துவிட்டது. துப்பாக்கியும் முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறது. பிறகு பார்வையாளனுக்கு என்ன வேலை?

இரண்டாவது என்னை உண்மையிலேயே வருத்தியது. கிரேஸ். பூத்தின் காதலி. மேடைக்கே வராதவள். ஐந்தாம் காட்சியில் அவளுக்காக மேசை விரித்து, தட்டு வைத்து, இரவெல்லாம் காத்திருக்கிறான். அவள் வரவில்லை. கடைசியில் அவளைச் சுட்டுவிட்டதாகச் சொல்கிறான். போகிற போக்கில் ஒரு பெண் செத்துப்போகிறாள். அவளுக்காக அழ மேடையில் ஆளில்லை. அண்ணன் தம்பி சோகத்துக்குக் கனம் கூட்ட அவள் உயிர் போயிருக்கிறது. எழுதியவர் ஒரு பெண் என்பதால் இது இன்னும் உறுத்துகிறது.


கண்ணாடிக்கூடு எழுதியது:

பெயர் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை, நேர்கோடு. 1865 ஏப்ரல் 14 இரவு ஃபோர்ட்ஸ் தியேட்டரில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஜான் வில்க்ஸ் பூத் ஒரு நடிகர். அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது ஒரு நகைச்சுவை நாடகம். அதில் எந்த வசனத்துக்கு அரங்கம் அதிகமாகச் சிரிக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு எழும் நேரம் பார்த்துத்தான் லிங்கனைச் சுட்டார். அந்தக் கொலையே ஒரு நாடக அரங்கில், ஒரு நடிகர் கையால், சிரிப்புக்கு நடுவில் நடந்தது. ஹட்சன்கரை சொன்ன சிரிப்பை இதோடு சேர்த்துப் பார்த்தால் பார்க்ஸ் என்ன செய்கிறார் என்று புரிகிறது. முடிவு நமக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிரிக்கிறோம். ஆர்கேடில் காசு கொடுத்துச் சுட வருகிறவர்களின் நாற்காலியில் நம்மை உட்கார வைத்துவிடுகிறார்.

கிரேஸ் பற்றி எனக்குப் பதில் இல்லை. நீங்கள் சொன்னபிறகு எனக்கும் அது உறுத்துகிறது.


மேலமாசி எழுதியது:

கிரேஸ் விஷயத்தில் நேர்கோடு சொல்வது சரி. ஆனால் பார்க்ஸ் பெண்களை அப்படியே விட்டுவிட்டவர் இல்லை. 1999-இல் வந்த ‘இன் தி ப்ளட்’ படித்தீர்களா? நதானியல் ஹாதார்னின் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவலின் நாயகி ஹெஸ்டரை எடுத்து, இன்றைய நகரத்தில் ஒரு பாலத்துக்கு அடியில் ஐந்து பிள்ளைகளோடு குடிவைத்தார். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மூத்த மகன் சொல்லிக்கொடுக்கிறான், ‘ஏ’ என்ற ஒரே எழுத்தோடு நிற்கிறாள்.

அந்த நாடகத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது, என்னால் மறக்கவே முடியாது. ஹெஸ்டரின் ஐந்து பிள்ளைகளாக நடிக்கிறவர்களே அவளைப் பயன்படுத்திக்கொள்கிற ஐந்து பெரியவர்களாகவும் நடிக்கிறார்கள். டாக்டர், நலத்துறை அதிகாரி, பாதிரியார், தோழி, பழைய காதலன். இப்போதுதான் அவள் மடியில் தலைவைத்துப் படுத்த பிள்ளை, அடுத்த காட்சியில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து அவளுக்கு உபதேசம் செய்கிறது. ஒவ்வொரு பெரியவரும் தனியே முன்னால் வந்து தங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்வார்கள். கேட்கிறபோது ஒவ்வொன்றும் நியாயம் மாதிரியே இருக்கும். அதுதான் கொடுமை.


ஈரமண் எழுதியது:

யாரும் நாவலைப் பற்றிப் பேசவில்லையே? கண்ணாடிக்கூடு கேட்ட கேள்விக்கு அவருடைய நாவலில் ஒரு பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

‘கெட்டிங் மதர்ஸ் பாடி’, 2003-இல் வந்தது. கதை நடப்பது 1963-இல், டெக்சாஸின் லிங்கன் என்ற ஊரில். ஆமாம், அங்கேயும் லிங்கன்! பார்க்ஸ் பிறந்ததும் அதே 1963-தான், கென்டக்கியின் ஃபோர்ட் நாக்ஸில். பில்லி பீட் என்ற பதினாறு வயதுப் பெண், வயிற்றில் ஐந்து மாதம். கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்ன சவப்பெட்டி வியாபாரி ஸ்னைப்ஸை நம்பிக் கல்யாண உடுப்போடு அவன் ஊருக்குப் போகிறாள். அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். இந்தப் பிள்ளை வேண்டாம் என்று பில்லி முடிவெடுக்கிறாள். அதற்குப் பணம் வேண்டும். அவளுடைய அம்மா வில்லா மே செத்து ஆறு வருடம். பாட்டுக்காரி, ஊர்சுற்றி, வாய்ச்சாலக்காரி. அவளை அரிசோனாவில் புதைத்திருக்கிறார்கள். முத்துமாலையும் வைர மோதிரமும் அவளோடு குழிக்குள் இருப்பதாக எல்லாரும் நம்புகிறார்கள். இப்போது அந்த இடத்தில் சூப்பர்மார்க்கெட் கட்டப்போகிறார்களாம். உடனே போய்த் தோண்டியாக வேண்டும்.

பில்லியோடு மாமாவும் அத்தையும் சேர்ந்துகொள்கிறார்கள். ரூஸ்வெல்ட் மாமா முன்பு பிரசங்கியாக இருந்தவர், இப்போது பெட்ரோல் பங்கில் வேலை. ஜூன் அத்தைக்கு ஒரு கால் இல்லை. நகை கிடைத்தால் ஒரு செயற்கைக் கால் வாங்கலாமே என்று அவள் மனதுக்குள் ஒரு கணக்கு. இப்படி ஆளுக்கு ஒரு கணக்கு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொள்வதில்லை. அத்தியாயத்துக்கு ஒருவர் பேசுவார், ஒவ்வொருவரும் ‘நான்’ என்றே பேசுவார். ஃபாக்னரின் ‘ஆஸ் ஐ லே டையிங்’ நாவலின் அமைப்பு அது. ஆனால் ஃபாக்னரிடம் குடும்பம் அம்மாவின் உடலைப் புதைக்கக் கிளம்புகிறது. பார்க்ஸிடம் தோண்டி எடுக்கக் கிளம்புகிறது. நடுநடுவே செத்த வில்லா மே பாட்டாகவே வந்து பேசுவாள். பார்க்ஸ் கிதார் வாசித்துப் பாடுகிறவர், பாட்டெல்லாம் அவரே எழுதியது.

இப்போது பூத்திடம் வருகிறேன். பில்லிக்கு அம்மா மேல் கோபம், அம்மா பெயரைச் சொன்னாலே எரிச்சல். ஆனால் தோண்டப் போகிறாள். பூத்துக்கு அம்மா மேல் கோபமே வந்ததில்லை, அதனால் தொடாமல் வைத்திருக்கிறான். கோபம் இருப்பவளால்தான் அம்மாவின் குழியைத் தோண்ட முடிகிறது. தோண்டினால் அம்மா எப்படிப்பட்டவள் என்பது தெரிந்துவிடும். அதற்கு பில்லி தயாராக இருக்கிறாள், பூத் தயாராக இல்லை.

நாவல் ரொம்ப வேடிக்கையானதும்கூட. லாரியில் போகிற பகுதிகளை நான் பேருந்தில் படித்துவிட்டுத் தனியே சிரித்தேன்.


தெற்குவாசல் எழுதியது:

ஈரமண், இதற்கு மேல் நான் ‘பயம்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கக் கூடாது. நாவலை இன்றைக்கே தேடுகிறேன்.


மொழிமேசை எழுதியது:

இந்த இழையைத் தாமதமாகப் பார்த்தேன். நான் இந்த நாடகத்தின் கடைசிக் காட்சியைத் தமிழில் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெளியிடுவதற்கு இல்லை, அதற்கு உரிமை வாங்க வேண்டும்; நண்பர்கள் நாலு பேர் உட்கார்ந்து வாசிப்பதற்கு மட்டும். மாட்டிக்கொண்ட இடங்களை இங்கே வைக்கிறேன், யாராவது கைகொடுங்கள்.

முதல் சிக்கல் பேச்சு. பார்க்ஸ் சொற்களை அகராதிப்படி எழுத மாட்டார். வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுத்துக்கூட்டுவார். இது நமக்குச் சுலபம். ‘போகிறேன்’ என்பதைப் ‘போறேன்’ என்று எழுதிப் பழகியவர்கள்தானே. ஆனால் எந்த ஊர்ப் பேச்சு? ஒரு வட்டாரத்தைப் பிடித்தால் அவர்கள் அந்த ஊர்க்காரர்களாகிவிடுகிறார்கள். அவர்கள் அமெரிக்க நகரத்துக் கறுப்பினச் சகோதரர்கள். அதை நான் தொலைக்கக் கூடாது. சொல்லை நம் பேச்சிலும், பொருளை அவர்கள் வாழ்விலும் வைக்கப் பார்க்கிறேன்.

சீட்டுப் போடுகிறவனின் வாய்ப்பேச்சு எதிர்பாராமல் கைகொடுத்தது. “நல்லா பாத்துக்க, நல்லா பாத்துக்க” என்று இழுக்கிற இழுப்பு நம் தெருவில் காதில் விழுந்ததுதான். ‘வை ராஜா வை’ என்றுகூட எழுதிப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். அது திருவிழாக் கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

இரண்டாவது சிக்கல்தான் பெரியது: மௌனம். பார்க்ஸுக்கு இரண்டு வகை மௌனம் உண்டு. ஒன்று சின்னது. அடைப்புக்குறிக்குள் ‘ரெஸ்ட்’ என்று போடுவார், இசைக்குறிப்பில் வருகிற மாதிரி. ‘ஓய்வு’ என்று எழுதினால் அலுவலக வாசனை. ‘(மூச்சு)’ என்று வைத்திருக்கிறேன். இரண்டாவதை அவர் ‘ஸ்பெல்’ என்கிறார். அதற்கு வசனம் கிடையாது, மேடைக்குறிப்பும் கிடையாது. பெயர்கள் மட்டும் வரும். பக்கத்தில் இப்படித் தெரியும்:

லிங்கன்
பூத்
லிங்கன்
பூத்

அவ்வளவுதான். அந்த இடத்தில் பாத்திரங்கள் தங்கள் கலப்பில்லாத நிலையில் நிற்கிறார்கள் என்று தன்னுடைய நடைபற்றிய கட்டுரை ஒன்றில் விளக்கியிருக்கிறார். எப்படி நிரப்புவது என்பது இயக்குநர் பாடு. ‘பாத்திரம்’ என்ற சொல்லைக்கூட அவர் தவிர்ப்பார், ‘உருவங்கள்’ என்பார். இந்த ‘ஸ்பெல்’லுக்கு என்ன சொல்? ஆங்கிலத்தில் அதற்கு மந்திரம் என்றும் பொருள், சிறிது நேரம் என்றும் பொருள், எழுத்துக்கூட்டுவது என்றும் பொருள்.


சாயுங்காலம் எழுதியது:

மொழிமேசைக்கு. கல்லூரி நாட்களில் ஒரு நாடகக் குழுவில் இதை வாசிப்பாக நடத்தினோம். நான் பூத். அந்தப் பெயர்ப்பட்டியல் இடத்தில் முதல் நாள் நாங்கள் சும்மா இருந்தோம். சும்மா இருந்தால் வசனத்தை மறந்துவிட்டவர்கள் மாதிரி தெரிகிறோம். இரண்டாம் நாள் இயக்கிய அக்கா ஒன்று சொன்னார்: ஒவ்வொரு பெயரும் ஒரு வசனம்தான், வாய் திறக்காத வசனம். ‘லிங்கன்’ என்று இருந்தால் அது லிங்கனின் முறை, அவன் பார்க்க வேண்டும். ‘பூத்’ என்று இருந்தால் அடுத்து பூத் பார்க்க வேண்டும். முறை மாறும்போது அதிகாரம் கை மாறும்.

அப்படிச் செய்ததும் உடம்பில் ஏதோ ஏறியது. எதிரே லிங்கனாக இருந்த நண்பன் தன் முறையில் கண்ணைத் தாழ்த்திவிட்டான். அடுத்தது என் முறை. எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பொத்தான் கண்முன் நிற்கிறது, நாலு துளையில் ஒன்றில் நூல் விட்டிருந்தது.


மேலமாசி எழுதியது:

மொழிமேசை, ‘கட்டு’ என்று வைத்தால் என்ன? மந்திரக்கட்டு, வாய்க்கட்டு என்கிறோம் இல்லையா. சீட்டுக்கட்டும் கட்டுதான். காலுறையில் அம்மா போட்டதும் கட்டுதான்.


மொழிமேசை எழுதியது:

மேலமாசி, எழுந்து நின்று கைதட்டினேன், சத்தியமாக. ‘கட்டு’தான். பக்கத்தில் அந்தச் சொல் வராது, பெயர்கள்தான் வரும். ஆனால் முன்குறிப்பிலும் ஒத்திகையிலும் அப்படித்தான் அழைக்கப்போகிறேன்.

தலைப்புக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. ‘டாப்டாக்’ என்றால் மேலே நிற்பவன், ‘அண்டர்டாக்’ என்றால் கீழே கிடப்பவன். கை ஓங்குவது, கை தாழ்வது என்று யோசித்தேன், சீட்டில் ‘கை’ என்பதும் பொருந்தும். ‘ஓங்கிய கை/தாழ்ந்த கை’. நடுவிலுள்ள சாய்கோடு முக்கியம். யார் மேலே, யார் கீழே என்பது காட்சிக்குக் காட்சி சாய்ந்துகொண்டே இருக்கிறது.


நேர்கோடு எழுதியது:

‘தி அமெரிக்கா பிளே’ பற்றியும் யாராவது எழுதுங்கள். அதிலும் லிங்கன் வேடம்தானே? அதே சரக்கைத் திரும்ப விற்றிருக்கிறார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.


மேலமாசி எழுதியது:

அதே சரக்கு இல்லை. அவர் வேண்டுமென்றே திரும்ப வருகிறார். ஜாஸ் இசையில் ஒரு வரியை மறுபடி மறுபடி வாசிப்பார்கள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாற்றி. அதையே தன் எழுத்துமுறை என்று பார்க்ஸ் சொல்லியிருக்கிறார். திரும்பச் சொல்வது, திருத்திச் சொல்வது.

‘தி அமெரிக்கா பிளே’ 1994-இல் பப்ளிக் தியேட்டருக்கு வந்தது. அதில் வருகிறவன் ஒரு குழிவெட்டி. பார்ப்பதற்கு ஆபிரகாம் லிங்கன் சாயலில் இருக்கிறான் என்று நாலு பேர் சொன்னதும் மேற்கே கிளம்பிப் போகிறான், வேடம் போட்டு உட்காருகிறான். ஒரு பென்னி கொடுத்தால் அவனைச் சுடலாம். அமெரிக்கப் பென்னியில் யார் முகம் இருக்கிறது? லிங்கன் முகம்தான். லிங்கனைக் கொடுத்து லிங்கனைச் சுடுகிறார்கள். இரண்டாம் பாதியில் அவன் மனைவி லூசியும் மகன் பிரேஸிலும் அவனைத் தேடிவந்து பள்ளத்தில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ‘வரலாற்றின் பெரும்பள்ளம்’ என்று ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்ததாம், அதைப் போலவே அவன் தானும் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறான். மகன் மண்ணிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேலே வைக்கிறான், தாய் காதில் குழலை வைத்து எதிரொலி கேட்கிறாள்.

கறுப்பின மக்களின் வரலாறு எழுதிவைக்கப்படவில்லை, அழிக்கப்பட்டது, புதைக்கப்பட்டது. எலும்பு கிடைக்கும்வரை தோண்டிப் பார்க்க வேண்டியது நாடகத்தின் வேலை என்று அவர் நினைக்கிறார். ‘வீனஸ்’ நாடகத்தைப் படித்தாலும் இதேதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து 1810-இல் லண்டனுக்குக் கொண்டுவந்து காட்சிப்பொருளாக்கப்பட்ட சாரா பார்ட்மன் கதை அது. இடைவேளை விட்டுவிட்டார்கள் என்று நாம் எழுந்து போகும்போது, அங்கே மருத்துவர் அவள் உடலின் அளவுகளை வாசித்துக்கொண்டே இருப்பார். போகவும் முடியாது, உட்காரவும் முடியாது. செத்தபிறகும் அவள் உடலைப் பாரிஸ் அருங்காட்சியகத்தில் 1970-கள் வரை காட்சிக்கு வைத்திருந்தார்கள். சொந்த மண்ணில் அடக்கம் செய்தது 2002-இல்தான்.

அதனால்தான் ஈரமண் எழுதியது எனக்கு மிகச் சரியாகப் பட்டது. ஒரு குழி, ஒரு சவப்பெட்டி, ஒரு காலுறை. எல்லாவற்றுக்குள்ளும் பெற்றவர்கள் விட்டுப்போனது ஏதோ இருக்கிறது. தோண்டுகிறவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். தோண்ட விடாதவன் சுடுகிறான்.


நேர்கோடு எழுதியது:

நன்றி, மேலமாசி. ‘அதே சரக்கு’ என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கிரேஸ் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.


புதுக்குடித்தனம் எழுதியது:

நான் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறவள், இங்கே புதுசு. பார்க்ஸை எனக்கு நாடகங்கள் வழியாகத் தெரியாது. 2002 நவம்பர் 13-இல் தொடங்கி ஒரு வருடம், நாளுக்கு ஒரு நாடகம் என்று 365 நாடகம் எழுதினார் என்று கேள்விப்பட்டுத்தான் அவரிடம் வந்தேன். சிலது அரைப் பக்கம்கூட இல்லை. 2006 நவம்பரிலிருந்து ஒரு வருடம் அமெரிக்கா முழுக்க நூற்றுக்கணக்கான குழுக்கள் அவற்றைப் பங்குபோட்டு நடத்தின. இன்னொன்றும் செய்தார்: பப்ளிக் தியேட்டரின் கூடத்தில் தட்டச்சுப்பொறியோடு உட்கார்ந்து எழுதுவார், யார் வேண்டுமானாலும் வந்து எதிரே உட்கார்ந்து தங்கள் எழுத்தை எழுதலாம், பிறகு கேள்வி கேட்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் அதை இணையத்தில் நடத்தினார். நான் வேலை முடிந்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு, பழைய பதிவு ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். அவர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் என் முதல் கதையை எழுதி முடித்தேன்.

கல்லூரியில் அவருக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுத்தவர் எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின். பார்க்ஸ் தன் கதையை வகுப்பில் வாசிக்கும்போது கையை ஆட்டி, குரலை மாற்றி, எழுந்து நடித்தே காட்டுவாராம். நாடகம் எழுதிப் பார்க்கலாமே என்று பால்ட்வின் சொன்னாராம். ஒரு ஆசிரியர் மாணவியின் வாயை மட்டுமல்ல, கையையும் கவனித்திருக்கிறார்.

முடிச்சு விஷயத்தில் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அம்மா போகும்போது பூத்திடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? அண்ணனைப் பார்த்துக்கொள் என்கிறாள். நான்தானே சின்னவன், அவன்தானே என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பிள்ளை கேட்கிறான். அவள் மறுபடியும் அதையேதான் சொல்கிறாள். பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டால் அந்தப் பொறுப்பும் தீர்ந்துவிடும். அவிழ்க்காதவரைக்கும் அவன் அம்மா சொன்ன வேலையில் இருக்கிறான். எனக்கு அப்படித்தான் படுகிறது.


கண்ணாடிக்கூடு எழுதியது:

புதுக்குடித்தனம், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை எடுத்து அந்த இடத்தை மறுபடி பார்த்தேன். மூன்று தடவை படித்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை. அண்ணனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கட்டிக் கொடுத்தது. அதைப் பந்தயத்தில் வைக்கும்போதே அவன் அண்ணனைக் கைவிட்டுவிட்டான். சுட்டது அப்புறம்தான்.

லிங்கன் சீட்டைப் பற்றி அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது இப்போது வேறு மாதிரி கேட்கிறது. ஜெயிக்கவே முடியாது என்று தெரிந்துகொள்வதுதான் முதல் பாடம், போடுகிறவன் விட்டுக்கொடுத்தால் மட்டும்தான் நீ சரியாகத் தொடுவாய் என்கிறான். பூத் முன்பு ஒரு முறை ஜெயித்தது அண்ணன் விட்டுக்கொடுத்ததால்.


தெற்குவாசல் எழுதியது:

மொழிமேசை, காலுறையைத் தமிழில் அப்படியே வைப்பீர்களா? என் ஆச்சி பணத்தை முந்தியில் முடிந்துவைப்பார். அவர் இறந்தபோது முந்தியில் இருந்த முடிச்சை யாரும் அவிழ்க்க முன்வரவில்லை. அப்படியே போய்விட்டது. முந்தி முடிச்சு என்று வைத்தால் நம்மவர்களுக்கு உடனே நெஞ்சில் இறங்கும்.


மொழிமேசை எழுதியது:

தெற்குவாசல், உங்கள் ஆச்சி என் மனதில் இருப்பார். ஆனால் காலுறையைக் காலுறையாகவே வைக்கிறேன். அது வீட்டைவிட்டுப் போகிற ஒரு பெண் தன் உடுப்பிலிருந்து உருவிக் கொடுத்தது. நைலான் இழுபடும், உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிகிற மாதிரியும் இருக்கும், தெரியாத மாதிரியும் இருக்கும். முந்தி அப்படியில்லை.

கடைசிக் காட்சியின் முதல் வரைவு முடிந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு என் வீட்டு மொட்டைமாடியில் வாசிப்பு. பூத்தாக வாசிக்க ஆள் இருக்கிறார். லிங்கன் வேண்டும். சாயுங்காலம், வருகிறீர்களா?


சாயுங்காலம் எழுதியது:

வருகிறேன். இந்த முறை அண்ணனாக. காலுறையை நானே கொண்டுவருகிறேன், முடிந்தே கொண்டுவருகிறேன். உள்ளே என்ன வைத்திருக்கிறேன் என்று பூத்தாக வாசிக்கிறவரிடம் தயவுசெய்து யாரும் கேட்டுச் சொல்லிவிட வேண்டாம்.